பவர்பாயிண்ட் பைல் பெருத்தால் திறந்து பாருங்கள்

"கண்ணு, ஒரு பைல் மெயில்ல போகவே மாட்டேங்குது. சாயந்திரம் ஆறு மணிக்குள்ள அனுப்பியாகணும். கொஞ்சம் வந்து பார்த்துட்டுப் போ."

2025 ஜூலையில் ஒரு சனிக்கிழமை. விடுமுறைக்குக் கோயம்புத்தூர் வந்திருந்த என்னைப் போனில் அழைத்தவர் என் தாய்மாமா. கணபதியில் பம்ப்செட்டுகளுக்கு உதிரி பாகங்கள் செய்யும் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். நான் சென்னையில் சாப்ட்வேர் இன்ஜினியர். இன்ஜினியரிங் படித்தவன் என்றால் மிக்ஸி முதல் டிவி வரை எல்லாவற்றையும் சரி செய்துவிடுவான் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு அல்லவா? அந்த நம்பிக்கையில்தான் அந்தப் போன் வந்தது.

போய்ப் பார்த்தேன். புதிய வாடிக்கையாளர் ஒருவருக்காக, பட்டறையையும் தயாரிப்புகளையும் விளக்கி 22 ஸ்லைடுகளில் ஒரு பிரசன்டேஷன் தயாரித்து வைத்திருந்தார்கள். பைலின் அளவு 64 எம்.பி. மெயிலில் இணைத்து அனுப்பினால், பைல் பெரிதாக இருக்கிறது என்ற செய்தியுடன் சில நிமிடங்களில் திரும்பி வந்துவிடுகிறது.

மேனேஜர் ஒரு வழி சொன்னார். "எதுக்குங்க தம்பி இவ்வளவு பாடு? வாட்ஸ்அப்ல டாக்குமெண்ட்டா போட்டா போயிருமுங்க."

அவர் சொன்னது சரிதான். 2022 முதல் வாட்ஸ்அப்பில் 2 ஜி.பி. வரை பைல் அனுப்பலாம். கூகுள் டிரைவில் போட்டு லிங்க் அனுப்பினாலும் போய்விடும். ஆனால் 22 ஸ்லைடுகள் எப்படி 64 எம்.பி. ஆயின என்ற கேள்வி என்னை விடவில்லை. பத்து நிமிடம் கேட்டு வாங்கி, பைலைப் பிரித்துப் பார்த்தேன். பார்க்காமல் அனுப்பியிருந்தால் மாமாவுக்குப் பெரிய நஷ்டம் வந்திருக்கும். அது என்ன என்பதையும், உங்கள் பைல் பெருத்தால் என்ன செய்யலாம் என்பதையும் இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

ஒரே ஆபீஸ், நான்கு தொகுப்புகள்

மாமாவின் ஆபீஸில் நான்கு கம்ப்யூட்டர்கள். அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அக்காவின் மேஜையில் விண்டோஸ் 7, ஆபீஸ் 2007. மேனேஜரிடம் விண்டோஸ் 10, ஆபீஸ் 2016. மாமாவின் புதிய லேப்டாப்பில் மைக்ரோசாப்ட் 365. டிராயிங் போடும் தம்பியிடம் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ். சிறிய ஆபீஸ்களில் இது சாதாரணம். கம்ப்யூட்டர் வாங்கும் அன்று எந்தத் தொகுப்பு கிடைக்கிறதோ அதுதான் அதில் இருக்கும். ஓடும் வரை யாரும் மாற்றுவதில்லை.

அந்த பைலுக்கும் ஒரு சரித்திரம் இருந்தது. 2008ல் ஒரு கண்காட்சிக்காக பவர்பாயிண்ட் 2003ல் செய்த பைல் அது. அதன் பிறகு தேவைப்படும் போதெல்லாம் அதையே திறந்து, தேதியை மாற்றி, நான்கு ஸ்லைடுகளைச் சேர்த்து, வேறு பெயரில் சேவ் செய்திருக்கிறார்கள். மற்றவர்கள் தந்த பிரசன்டேஷன்களில் இருந்தும் ஸ்லைடுகளை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பதினேழு வருடம் யாரும் காலி செய்யாத பரண் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது அந்த பைல்.

பழைய வடிவமும் புதிய வடிவமும்

பவர்பாயிண்ட் 1987ல் முதலில் ஆப்பிள் மேக்கின்டோஷ் கம்ப்யூட்டருக்காக வெளியானது. உருவாக்கியது போர்தாட் என்ற சிறிய நிறுவனம். அதே ஆண்டில் மைக்ரோசாப்ட் அந்த நிறுவனத்தை 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு வாங்கியது. பவர்பாயிண்ட் 97 முதல் 2003 வரையிலான தொகுப்புகள் பி.பி.டி. என்ற ஒரே வடிவத்தில் பைலைச் சேவ் செய்தன. ஆபீஸ் 2007 வந்தபோது பி.பி.டி.எக்ஸ். என்ற புதிய வடிவம் வந்தது. பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். உள்ளே அமைப்பு முற்றிலும் வேறு.

பழைய பி.பி.டி. ஒரே மூட்டை. உள்ளே என்ன இருக்கிறது என்று நாம் எளிதில் பார்க்க முடியாது. அந்தக் காலத் தொகுப்புகளில் 'அலவ் பாஸ்ட் சேவ்ஸ்' என்று ஒரு வசதி இருந்தது. அதில் டிக் இருந்தால், சேவ் செய்யும்போது முழு பைலையும் புதிதாக எழுதாமல், மாற்றங்களை மட்டும் பைலின் கடைசியில் சேர்த்துவிடும். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் நீங்கள் நீக்கிய ஸ்லைடின் தகவல்கள் உள்ளேயே தங்கிவிடலாம். பைலும் ஒவ்வொரு சேவுக்கும் பெருத்துக்கொண்டே போகும். 2007ல் இந்த வசதியை எடுத்துவிட்டார்கள். பழைய பி.பி.டி. பைல் ஏதாவது உங்களிடம் இருந்தால் அதை 'சேவ் அஸ்' மூலம் வேறு பெயரில் ஒரு முறை சேவ் செய்து பாருங்கள். பைல் முழுவதும் புதிதாக எழுதப்படுவதால் அதிலேயே அளவு குறையக்கூடும்.

புதிய பி.பி.டி.எக்ஸ். உண்மையில் ஒரு ஜிப் பைல். படங்கள், எழுத்துகள், வடிவமைப்பு என ஒவ்வொன்றும் தனித்தனி பைல்களாக அதற்குள் அடுக்கப்பட்டிருக்கும். பலர் பிரசன்டேஷன் பைலை மறுபடியும் ஜிப் செய்து அனுப்பப் பார்ப்பார்கள். 64 எம்.பி. பைல் ஜிப் செய்த பிறகும் ஏறக்குறைய 64 எம்.பி.யாகவே இருக்கும். ஏற்கனவே பிழிந்த துணியை மறுபடி பிழிந்தால் எவ்வளவு தண்ணீர் வரும்?

அது ஜிப் பைல் என்பதால் நமக்கு ஒரு பெரிய வசதியும் இருக்கிறது. அதைத் திறந்து உள்ளே பார்க்கலாம்.

உள்ளே எட்டிப் பார்ப்பது எப்படி?

1. முதலில் பைலுக்கு ஒரு காப்பி எடுத்துக் கொள்ளவும். எல்லா வேலையையும் காப்பியில் மட்டுமே செய்திடவும். அசல் பைலைத் தொட வேண்டாம்.

2. பைல் பெயரின் இறுதியில் பி.பி.டி.எக்ஸ். என்ற துணைப்பெயர் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், விண்டோஸ் 10ல் போல்டர் விண்டோவில் 'வியூ' டேபைக் கிளிக் செய்து 'பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதில் டிக் அடையாளம் ஏற்படுத்தவும். விண்டோஸ் 11ல் 'வியூ', அதில் 'ஷோ' எனச் சென்றால் இது கிடைக்கும்.

3. காப்பி பைலில் ரைட் கிளிக் செய்து 'ரீநேம்' தேர்ந்தெடுக்கவும். பி.பி.டி.எக்ஸ். என்பதை அழித்துவிட்டு ஜிப் என டைப் செய்திடவும். பைல் பயன்படாமல் போகலாம் என்று விண்டோஸ் எச்சரிக்கும். இது காப்பிதானே! பயப்படாமல் 'யெஸ்' கிளிக் செய்திடவும்.

4. இப்போது அதில் டபுள் கிளிக் செய்திடவும். உள்ளே 'பிபிடி' என்ற போல்டர் இருக்கும். அதைத் திறந்தால் 'மீடியா', 'எம்பெட்டிங்ஸ்', 'ஸ்லைட்ஸ்', 'ஸ்லைட் மாஸ்டர்ஸ்' எனப் பல போல்டர்கள் தெரியும். எல்லா பைலிலும் எல்லா போல்டர்களும் இருக்காது.

5. 'மீடியா' போல்டரைத் திறந்து, 'சைஸ்' என்ற தலைப்பில் கிளிக் செய்திடவும். பெரிய பைல்கள் மேலே வந்து நிற்கும்.

பழைய பி.பி.டி. பைலை இப்படிப் பார்க்க முடியாது. முதலில் அதைப் புதிய பவர்பாயிண்டில் திறந்து 'பைல்', 'இன்போ', 'கன்வெர்ட்' எனச் சென்று பி.பி.டி.எக்ஸ். ஆக மாற்றிக் கொள்ள வேண்டும்.

மாமாவின் பைலை இப்படித் திறந்தபோது கணக்கு தெளிவாகக் கிடைத்தது. 'மீடியா' போல்டரில் 55 எம்.பி. அதில் பட்டறையின் போட்டோக்கள் பன்னிரண்டு மட்டும் 46 எம்.பி. மீதி 9 எம்.பி., யார் யாரிடமிருந்தோ வந்த பின்னணிப் படங்கள். ஸ்லைடுகளின் எழுத்து, வடிவமைப்பு எல்லாம் சேர்த்து ஒரு எம்.பி.கூட முழுதாக இல்லை. இன்னும் சுமார் 8 எம்.பி. மீதம் இருந்தது. அது 'எம்பெட்டிங்ஸ்' போல்டரில் இருந்தது.

எட்டு எம்.பி.யில் இருந்த ரகசியம்

'எம்பெட்டிங்ஸ்' போல்டரில் நான்கு எக்ஸெல் பைல்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 2 எம்.பி. ஒன்றைத் திறந்தேன். கீழே வரிசையாக ஒர்க் ஷீட்கள். முதல் ஷீட்டில் விற்பனை வரைபடத்துக்கான பத்து எண்கள். இரண்டாவது ஷீட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் இரும்பு விலை, கூலி, மின்சாரம், அடக்க விலை, லாபம். அடுத்த ஷீட்களில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எந்த விலைக்குக் கொடுக்கிறோம் என்ற பட்டியல்.

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இது அந்த பைலுக்குள்ளயா இருக்குது?" என்றார்.

அதுதான் இருந்தது. மறுநாள் விலை பேச வேண்டிய வாடிக்கையாளருக்கு, நம் அடக்க விலையையும் மற்றவர்களுக்குத் தரும் விலையையும் நாமே அனுப்ப இருந்தோம். மெயில் மூன்று முறை முயன்றும் போகாததால் தப்பித்தோம்.

அக்கவுண்ட்ஸ் அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. "தம்பி, நான் அந்தப் படத்தை மட்டும்தானே காப்பி பண்ணினேன்?" என்றார்.

அவர் மீது தவறில்லை. எக்ஸெலில் ஒரு சார்ட்டைக் காப்பி செய்து பவர்பாயிண்ட் 2007ல் ஒட்டினால், அது எக்ஸெல் பைலுடன் லிங்க் மட்டும் செய்யப்படும். அந்த லிங்க், மேனேஜரின் கம்ப்யூட்டரில் எக்ஸெல் பைல் இல்லாததால் வேலை செய்யவில்லை. சார்ட்டைத் திருத்தப் போனால் பைல் கிடைக்கவில்லை என்று செய்தி வந்திருக்கிறது. அதனால் அக்கா, ஒட்டும் இடத்தில் தெரியும் சிறிய 'பேஸ்ட் ஆப்ஷன்ஸ்' பட்டனை அழுத்தி, 'எக்ஸெல் சார்ட் (என்டயர் ஒர்க்புக்)' என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். பிரச்னை தீர்ந்தது. ஆனால் அதன் பொருள், ஒர்க்புக் முழுவதும் உள்ளே போகும் என்பது. நான்கு சார்ட்களை ஒட்டியதால் முழு ஒர்க்புக்கும் நான்கு முறை உள்ளே போய்விட்டது. புதிய தொகுப்புகளில் இதே வசதி 'எம்பெட் ஒர்க்புக்' என்ற பெயரில் இருக்கிறது.

இதை எப்படித் தவிர்ப்பது? பெறுபவர் சார்ட்டைப் பார்த்தால் மட்டும் போதும் என்றால், அதைப் படமாக ஒட்டுங்கள். எக்ஸெலில் சார்ட்டைக் காப்பி செய்திடவும். பவர்பாயிண்டில் 'ஹோம்' டேபில் 'பேஸ்ட்' பட்டனின் கீழ் உள்ள சிறிய அம்புக்குறியில் கிளிக் செய்திடவும். கிடைக்கும் ஐகான்களில் 'பிக்சர்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். எண்களை அவர் திருத்தியே ஆக வேண்டும் என்றால், தேவையான பத்து எண்களை மட்டும் புதிய ஒர்க்புக்கில் எழுதி, அதிலிருந்து சார்ட் தயாரித்து ஒட்டவும்.

ஏற்கனவே ஒட்டிய சார்ட்டைச் சோதிக்க, அதில் ரைட் கிளிக் செய்து 'எடிட் டேட்டா' மூலம் எக்ஸெலில் திறந்து பார்க்கவும். கீழே தேவையில்லாத ஷீட்கள் தெரிந்தால், அந்த பைலை வெளியே அனுப்பாதீர்கள்.

வெட்டிய படம் வெட்டப்படவில்லை

அடுத்து போட்டோக்கள். ஐந்தாவது ஸ்லைடில் டெஸ்டிங் பெஞ்ச் படம். மேனேஜர் அதைத் தன் மொபைலில் எடுத்து, பின்னால் சுவரில் இருந்த ஒயிட் போர்டைக் 'கிராப்' செய்து நீக்கியிருந்தார். அந்த போர்டில் வேறொரு வாடிக்கையாளரின் பெயரும் ஆர்டர் எண்ணிக்கையும் எழுதியிருந்தது. ஸ்லைடில் அது தெரியவில்லை. ஆனால் 'மீடியா' போல்டரில் அந்தப் படம் முழுதாக, போர்டுடன், தெளிவாக இருந்தது.

பவர்பாயிண்டில் கிராப் செய்தால், வெட்டிய பகுதி மறைக்கப்படுகிறது. நீக்கப்படுவதில்லை. நீங்கள் மனம் மாறி அதைத் திரும்பப் பெற வேண்டும் என்றால் உதவட்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். பைலைப் பெறுபவரும் கிராப் கருவியை எடுத்து எல்லையை இழுத்தால் மறைத்தது முழுவதும் தெரியும். ஆதார் கார்டு, வங்கிச் செக் போன்றவற்றை இப்படிப் பாதி மறைத்து அனுப்புபவர்கள் கவனிக்க வேண்டும்.

படங்கள் ஏன் இவ்வளவு பெரிது? ஒரு கணக்கு பார்ப்போம். 12 மெகாபிக்ஸல் மொபைல் கேமராவில் எடுத்த படம் 4000க்கு 3000 புள்ளிகள் கொண்டது. அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். முழு எச்.டி. புரொஜெக்டரோ டிவியோ காட்டக்கூடியது 1920க்கு 1080, அதாவது சுமார் 20 லட்சத்து 74 ஆயிரம் புள்ளிகள். திரை காட்ட முடியாத அளவுக்கு ஐந்தாறு மடங்கு அதிகமான புள்ளிகளை ஒவ்வொரு ஸ்லைடிலும் சுமந்து செல்கிறோம். படத்தை மூலையைப் பிடித்து இழுத்து ஸ்லைடில் சிறியதாக்கினாலும் புள்ளிகள் குறைவதில்லை.

இரண்டு பிரச்னைக்கும் ஒரே மருந்துதான்.

1. ஏதேனும் ஒரு படத்தின் மீது கிளிக் செய்திடவும். மேலே 'பிக்சர் பார்மட்' என்ற டேப் கிடைக்கும். பழைய தொகுப்புகளில் இது 'பிக்சர் டூல்ஸ்' என்பதன் கீழ் 'பார்மட்' எனத் தெரியும்.

2. அதில் 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். ஒரு டயலாக் பாக்ஸ் திறக்கும்.

3. 'அப்ளை ஒன்லி டு திஸ் பிக்சர்' என்ற இடத்தில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடவும். இதை மறந்தால் அந்த ஒரு படம் மட்டுமே சுருங்கும். "செய்து பார்த்தேன், அளவு குறையவில்லை" என்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்குதான்.

4. 'டெலீட் கிராப்டு ஏரியாஸ் ஆப் பிக்சர்ஸ்' என்பதில் டிக் இருக்கட்டும். வெட்டிய பகுதிகள் இதனால்தான் உண்மையில் நீங்கும்.

5. அளவில் 150 பி.பி.ஐ. தேர்ந்தெடுக்கவும். அகலத் திரை ஸ்லைடின் அகலம் 13.33 அங்குலம். 150ஆல் பெருக்கினால் 2000 புள்ளிகள். புரொஜெக்டருக்கு இது போதும். திரையில் காட்டுவது மட்டும் அல்லாமல் நல்ல தாளில் அச்சிடவும் வேண்டும் என்றால் 220 வைக்கலாம்.

6. ஓகே கிளிக் செய்து, பைலை வேறு பெயரில் சேவ் செய்திடவும்.

சேவ் செய்து மூடிய பிறகு, சுருக்கிய படத்தில் பழைய தெளிவு திரும்ப வராது. காப்பி எடுத்துக் கொள்ளச் சொன்னது இதற்காகவும்தான்.

பின்னணிப் படங்கள் எங்கிருந்து வந்தன?

வேறு பிரசன்டேஷனில் இருந்து ஒரு ஸ்லைடை எடுத்து, 'கீப் சோர்ஸ் பார்மட்டிங்' கொடுத்து ஒட்டினால், அதன் ஸ்லைட் மாஸ்டரும் கூடவே வரும். மாஸ்டர் என்பது ஸ்லைடுகளின் பின்னணி, எழுத்து அளவு, லோகோ ஆகியவற்றைத் தீர்மானிக்கும் அச்சு. அதில் பெரிய படங்கள் இருந்தால் அவையும் வந்துவிடும். 'பிரிசர்வ்' செய்யப்பட்ட மாஸ்டர், அதைப் பயன்படுத்தும் ஸ்லைடுகளை எல்லாம் நீங்கள் நீக்கிவிட்டாலும் பைலில் தங்கியிருக்கும்.

'வியூ' டேபில் 'ஸ்லைட் மாஸ்டர்' கிளிக் செய்திடவும். இடது பக்கம் பெரிய படங்களாகத் தெரிபவை மாஸ்டர்கள். அவற்றின் மீது மவுஸ் அம்புக்குறியைக் கொண்டு சென்றால் எந்த ஸ்லைடுகள் பயன்படுத்துகின்றன எனக் காட்டும். எந்த ஸ்லைடும் பயன்படுத்தாத மாஸ்டரில் ரைட் கிளிக் செய்து நீக்கிவிடவும். மாமாவின் பைலில் ஐந்து மாஸ்டர்கள் இருந்தன. அவற்றில் ஒன்று, 2012ல் வேறொரு நிறுவனம் கொடுத்த பிரசன்டேஷனில் இருந்து வந்தது. அந்த நிறுவனத்தின் லோகோகூட அதில் அப்படியே இருந்தது!

பதிப்புகளுக்கு இடையே பைல் போகும்போது

மேனேஜர் ஒவ்வொரு பிரசன்டேஷனையும் இரண்டு முறை சேவ் செய்து வந்தார். பி.பி.டி.எக்ஸ். ஒன்று, "பழைய கம்ப்யூட்டருக்காக" பி.பி.டி. ஒன்று. ஆனால் ஆபீஸ் 2007ஏ பி.பி.டி.எக்ஸ். பைலைத் திறக்கும். பழைய வடிவம் 2003 வரை உள்ள தொகுப்புகளுக்குத்தான் தேவை. ஆபீஸ் 2003 போய்ப் பல வருடங்கள் ஆகியும் பழக்கம் மட்டும் போகவில்லை.

இந்தப் பழக்கத்தால் நஷ்டம் உண்டு. புதிய தொகுப்பிலிருந்து பி.பி.டி. ஆகச் சேவ் செய்தால், ஸ்மார்ட் ஆர்ட் போன்றவை வெறும் படமாகிவிடும். அதன் பிறகு பவர்பாயிண்ட் 2003ல் திருத்த முடியாது. மீண்டும் புதிய தொகுப்பில் திறக்கும்போது பழைய அமைப்பு கிடைக்க வேண்டும் என்பதற்காகச் சில கூடுதல் தகவல்களும் உள்ளே சேர்க்கப்படும். மாமாவின் 64 எம்.பி. பைல் பி.பி.டி. வடிவில் 71 எம்.பி. ஆகியிருந்தது.

பி.பி.டி. பைலைப் புதிய தொகுப்பில் திறந்தால் மேலே 'கம்பேட்டபிலிட்டி மோட்' என்று தெரியும். அப்படியே சேவ் செய்தால் பழைய வடிவிலேயே தொடரும். மேலே சொன்ன 'கன்வெர்ட்' மூலம் ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது.

புதிய தொகுப்பில் செய்தது பழையதில் எப்படித் தெரியும் என்பதையும் கவனிக்க வேண்டும். 'மார்ப்' என்ற ஸ்லைட் மாற்றம், அதை அறியாத தொகுப்புகளில் சாதாரண 'பேட்' ஆக ஓடும். ஆபீஸ் 2016ல் அறிமுகமான வாட்டர்பால், ட்ரீமேப் போன்ற சார்ட்கள் அதற்கு முந்தைய தொகுப்பில் தெரியாது. அந்த இடத்தில் ஓர் அறிவிப்புதான் இருக்கும். பவர்பாயிண்ட் 2007ல் வீடியோவை பைலுக்குள் வைக்க முடியாது. லிங்க் மட்டுமே கொடுக்கலாம். 2010ல் இருந்துதான் வீடியோ உள்ளேயே வைக்கப்படுகிறது. அதனால் பைலும் பெருத்தது. புதிய தொகுப்புகளில் 'பைல்', 'இன்போ', 'கம்ப்ரஸ் மீடியா' எனச் சென்று வீடியோவைச் சுருக்கலாம்.

'இன்போ' பிரிவில் 'செக் பார் இஷ்யூஸ்' என்ற பட்டன் உண்டு. அதில் 'செக் கம்பேட்டபிலிட்டி' கொடுத்தால், பழைய தொகுப்புகளில் எவை வேலை செய்யாது எனப் பட்டியல் தரும். 'இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்' கொடுத்தால் நோட்ஸ், கமெண்ட்ஸ், தயாரித்தவர் பெயர் போன்றவை இருப்பதைக் காட்டும். வேண்டாதவற்றை அங்கேயே நீக்கலாம்.

தமிழ் எழுத்துருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாமாவின் முதல் ஸ்லைடில் இருந்த தமிழ் வரி, அந்தப் பழைய எழுத்துரு இல்லாத லேப்டாப்பில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிந்தது. அதை யூனிகோடில் மீண்டும் டைப் செய்தோம். எழுத்துருவையும் பைலுடன் சேர்த்து அனுப்ப 'பைல்', 'ஆப்ஷன்ஸ்', 'சேவ்' பிரிவில் வசதி உண்டு. அதில் பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் சேர்ப்பதைத் தேர்ந்தெடுத்தால் பைல் அதிகம் பெருக்காது. மற்றவர் திருத்த வேண்டும் என்றால் மட்டும் முழு எழுத்துருவையும் சேர்க்கவும்.

மெயிலின் வரம்பு

ஜிமெயிலில் 25 எம்.பி. வரை இணைக்கலாம் என்பார்கள். ஆனால் மெயிலில் செல்லும் இணைப்பு எழுத்துகளாக மாற்றப்பட்டே செல்கிறது. மூன்று பைட் நான்கு எழுத்தாகும். எனவே 18 எம்.பி. பைல் வழியில் 24 எம்.பி. ஆகிவிடும். பெறுபவரின் மெயில் சர்வர் இன்னும் குறைவாகவும் வரம்பு வைத்திருக்கலாம். பத்து எம்.பி.க்குள் வைத்துக் கொண்டால் பெரும்பாலும் கவலை இல்லை.

பெறுபவர் பார்த்தால் மட்டும் போதும் என்றால் பி.டி.எப். ஆக அனுப்புவதே சிறந்தது. 'சேவ் அஸ்' சென்று பைல் வகையில் பி.டி.எப். தேர்ந்தெடுக்கவும். 'மினிமம் சைஸ்' என்பதைக் கிளிக் செய்தால் அளவு இன்னும் குறையும். எந்தப் பதிப்பு என்ற பிரச்னையும் இல்லை. அனிமேஷன் மட்டும் ஓடாது. ஆனால் மேலே சொன்ன சுத்தம் எல்லாம் முடிந்த பிறகே பி.டி.எப். செய்திடவும்.

நாங்கள் எழுதி ஒட்டிய விதிகள்

அன்று மாலை அக்கா ஒரு தாளில் எழுதி, பிரிண்டருக்கு மேலே ஒட்டினார்.

* எல்லோரும் பி.பி.டி.எக்ஸ். வடிவில் மட்டும் சேவ் செய்வது.
* புதிய பிரசன்டேஷனுக்குப் பழையதைத் திருத்தாமல், சுத்தமான ஒரு டெம்ப்ளேட்டில் தொடங்குவது.
* வெளியே போகும் பைலில் சார்ட்டைப் படமாக மட்டும் ஒட்டுவது.
* அனுப்பும் முன் 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்', 'இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்' இரண்டையும் செய்வது.
* பைல் பத்து எம்.பி.யைத் தாண்டினால், ஏன் என்று பார்க்காமல் அனுப்பக் கூடாது.

பழைய தொகுப்புகளைப் பற்றியும் மாமாவிடம் சொல்லி வைத்தேன். ஆபீஸ் 2007க்கு மைக்ரோசாப்ட் தரும் பாதுகாப்பு 2017 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அதன் பிறகு 2025 அக்டோபர் 14ல் ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் முடிந்தது. அவை ஓடும். ஆனால் புதிய ஓட்டைகளை அடைக்கும் பைல்கள் வராது. வெளியிலிருந்து வரும் பைல்களைத் திறக்கும் கம்ப்யூட்டரில் இது ஆபத்து. பணம் செலவழிக்க விருப்பம் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்புக்கு மாறலாம். அதன் இம்ப்ரெஸ் புரோகிராமில், 'டூல்ஸ்' மெனுவில் பிரசன்டேஷனைச் சுருக்கும் வசதியும் இருக்கிறது.

அந்த 64 எம்.பி. பைல் கடைசியில் என்ன ஆனது? சார்ட்கள் படமாயின, மாஸ்டர்கள் நான்கு நீங்கின, படங்கள் சுருங்கின. அளவு 4.6 எம்.பி. ஸ்லைடுகள் அதே 22. திரையில் பார்க்க எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஐந்தே முக்கால் மணிக்கு பி.டி.எப். ஆக அனுப்பினோம். மறுநாள் விலைப் பேச்சு நடந்தது. மாமா சொன்ன விலைக்கே முடிந்தது.

இப்போது மாமாவின் ஆபீஸில் யாராவது "பைல் பெருசா இருக்குதுங்க, டிரைவ்ல போட்டு அனுப்பிரட்டுமா?" என்று கேட்டால், அவர் ஒரே கேள்விதான் கேட்கிறாராம்: "உள்ள என்ன இருக்குதுன்னு பார்த்தாச்சா?"